எவர்சில்வர் கதவில் எமல்ஷன்

தைவானின் ஜியாயி நகரத்தில் துப்பறியும் தொழில் செய்பவர்கள் மூன்று பேர். முதலாமவர் கண்டுபிடித்துவிடுவார். இரண்டாமவர் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லிவிடுவார். மூன்றாமவன் நான்.

பெயர் லாய் சுங்-யி. பதினோரு வருட அனுபவம். போன மாதம் ஒரு பல் டாக்டரின் மனைவியைத் தேடித் தைசுங்கில் நான்கு நாள் அலைந்தேன். அந்த அம்மாள் இரண்டாம் நாளே வீடு திரும்பி, கணவரிடம் என் நம்பரை வாங்கி, "நான் வந்துட்டேன், நீங்களும் வந்துடுங்க" என்று போன் செய்தார். நான் ஊர் வந்து சேருவதற்கு முன்பே அந்தக் கதை வந்து சேர்ந்துவிட்டது.

ஆகவே அந்த வியாழக்கிழமை காலை, ஷென் லி-ச்சு என்ற அம்மாள் என் அலுவலகப் படியேறி வந்து, "எனக்கு லாய் ஐயாதான் வேணும், வேற யாரும் வேண்டாம்" என்றபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் உதவியாளர் பீ-யுன் நிமிரவில்லை.

"நல்லா விசாரிச்சுட்டுத்தான் வந்தீங்களாம்மா?" என்று கேட்டாள்.

"நாலு பேர்கிட்ட விசாரிச்சேன்."

"விசாரிச்ச பிறகுமா?"

பீ-யுனுக்கு நாற்பத்தொரு வயது. என்னிடம் வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் நகப்பூச்சுக் கடை நடத்தியவள். ஊரில் பாதிப் பெண்களின் ரகசியம் அவளுக்குத் தெரியும். மீதிப் பாதியை ஊகித்துவிடுவாள். நான் முதலாளி, அவள் உதவியாளர் என்பது எங்கள் பெயர்ப்பலகையில் மட்டும் நிலவும் ஏற்பாடு.

ஷென் அம்மாள் குடியுரிமைப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபத்து மூன்று வயது. எதிரில் இருப்பவரின் பிறந்த தேதியைச் சரிபார்ப்பது போலவே பேசுவார். கிழக்குச் சந்தைக்குப் பின்னால் நான்கு மாடி, பன்னிரண்டு வீடு உள்ள குடியிருப்பு. அதன் சங்கத்துக்கு அவர்தான் தலைவி.

"ரெண்டு வாரமா யாரோ வீடுகள்ல பெயிண்டை அப்பிட்டுப் போறாங்க. விடியறதுக்குள்ள நடக்குது. சனிக்கிழமை பத்து மணிக்குச் சங்கக் கூட்டம். அதுக்குள்ள நீங்க விசாரிக்கணும்."

"கண்டுபிடிச்சுடலாம்," என்றேன்.

"விசாரிச்சா போதும்," என்றார் ஷென் அம்மாள்.

அந்த வித்தியாசத்தை அப்போதே கவனித்திருந்தால் நான் முதலாமவனாக இருந்திருப்பேன்.

அந்தக் குடியிருப்பின் முற்றத்தில் ஒரு மாமரம். வாசலில் நோட்டீஸ் பலகை. அதில் தலைவியின் கையெழுத்தோடு பதினான்கு விதிகள். ஸ்கூட்டரை எங்கே நிறுத்தக் கூடாது, துணியை எங்கே உலர்த்தக் கூடாது, பறவைகளுக்குத் தீனி போடக் கூடாது, கூடு தென்பட்டால் உடனே சொல்ல வேண்டும், அகற்றப்படும். படித்து முடிக்கும்போது மூச்சு விடுவதற்கு அனுமதி உண்டா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கீழ்த்தளத்து ஜுவாங் எங்களை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். இன்னமும் பின் சீட்டுக்குக் கேட்கும்படிதான் பேசுவார்.

"பாருங்க என் கதவை. முழு எவர்சில்வர். மாட்டி மூணு மாசம்தான் ஆகுது. இப்ப எப்படி இருக்குன்னு பாருங்க."

கதவு முழுக்க வெளிர் பச்சை. பக்கத்தில் அவர் வீட்டுச் சமையலறை ஜன்னல் கண்ணாடி, அதுவும் பச்சை. பித்தளைக் கைப்பிடிக் குமிழ், வரிசையாக உள்ள தபால் பெட்டிகள், வாசலில் எதிரே வரும் வண்டிகளைப் பார்க்க மாட்டியிருந்த உருண்டைக் கண்ணாடி, ஐந்து ஸ்கூட்டர்களின் பக்கக் கண்ணாடிகள். எதிர்வீட்டு மரக்கதவில் மட்டும் ஒரு சொட்டுக்கூட இல்லை.

"ஆஹா," என்றேன்.

"வேணாம் முதலாளி," என்றாள் பீ-யுன்.

எதிர்வீட்டுக்காரரை அரை மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தேன். அவருக்கு எண்பத்தோரு வயது. வலது கை வாதத்தில் மடங்கியிருந்தது. போகும்போது எனக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார்.

திரும்பி வந்து, விஞ்ஞான முறைப்படி போவது என்று தீர்மானித்தேன். தண்ணீர்ப் பெயிண்டா, எண்ணெய்ப் பெயிண்டா என்பதை ஆல்கஹால் காட்டிக்கொடுத்துவிடும். என் சட்டைப்பையில் இதற்கென்றே ஒரு சிறு குப்பிச் சோளச் சாராயம் வைத்திருந்தேன்.

பீ-யுன் அதைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, மருந்துக்கடை ஸ்பிரிட்டையும் பஞ்சையும் நீட்டினாள். "அந்த விஞ்ஞானம் சாயங்காலம் நடக்கட்டும். இப்ப இதால தேயுங்க."

கதவின் ஓரத்தில் தேய்த்தேன். பஞ்சு பச்சையாகிவிட்டது.

"எமல்ஷன்," என்றாள் பீ-யுன். "எனாமலா இருந்தா பஞ்சு வெள்ளையாவே இருந்திருக்கும். முதலாளி, இது சுவத்துக்கு அடிக்கிற பெயிண்ட். இதை யாராவது எவர்சில்வர்ல பூசுவாங்களா? நகத்துல சுண்ணாம்பு பூசின மாதிரி. ரெண்டு மாசத்துல தானா உரிஞ்சுடும்."

"அதெல்லாம் எதுக்கு?" என்றார் ஜுவாங். "யாருன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். மொட்டைமாடியில குடியிருக்கிற பெயிண்டர் தூ. போன வருஷம் மாடிப்படிக்கு இதே பச்சையை அடிச்சவன் அவன்தான். மிச்ச டின் ஸ்டோர் ரூம்ல இருக்கு. சாவி ரெண்டே பேர்கிட்ட. ஒண்ணு தலைவிகிட்ட, ஒண்ணு அவன்கிட்ட. அவன் பேரே அப்படி."

அதுவும் உண்மைதான். எங்கள் பேச்சில் 'தூ' என்ற குடும்பப் பெயரும் 'பூசு' என்ற சொல்லும் ஒரே ஒலி. அந்த மனிதர் பிறப்பிலேயே குற்றவாளி.

"சனிக்கிழமை கூட்டத்துல அவனைக் காலி பண்ணச் சொல்லித் தீர்மானம்," என்றார் ஜுவாங். "பதினோரு வீடு கைதூக்கும்."

மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. தூ ஜின்-ஃபா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பிரஷ்களைச் சீப்பால் வாரிக்கொண்டிருந்தார். அறுபத்திரண்டு வயது, நெடிய உருவம். அறைக்குள் மூன்று அட்டைப்பெட்டிகள் கயிறு கட்டித் தயாராக இருந்தன.

"வாங்கண்ணே. கேளுங்க. கேட்டுட்டு, நான்தான்னு எழுதிக்கோங்க," என்றார்.

"நீங்கதானா?"

"அந்த ஜன்னலைப் பாத்தீங்களா? பிரஷ் அடிச்சிருக்கிற லட்சணத்தைப் பாத்தீங்களா? மேலேயிருந்து கீழே இழுக்காம, குறுக்க, நெடுக்க, சட்டினி தடவுற மாதிரி. நாப்பது வருஷம் தொழில் பண்ணவன் அண்ணே நான். என்னைத் திருடன்னு சொல்லுங்க, தாங்கிக்கறேன். அதை நான் அடிச்சேன்னு சொல்லாதீங்க."

பீ-யுன் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"பெட்டி கட்டியாச்சு போல," என்றாள் பீ-யுன், குரலைத் தணித்து.

"ஒன்பது வருஷம் இங்க இருந்தாச்சு. ரெண்டு வாரமா படியில எதிர்ல வர்றவங்க முகத்தைத் திருப்பிக்கிறாங்க. நேத்து ஆறு இடத்துல ரூம் கேட்டேன். அறுபது தாண்டின தனி ஆளுன்னதும், இப்பத்தான் வேற ஆளுக்குக் கொடுத்தோம்னு ஆறு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்றாங்க." ஒரு பிரஷ்ஷை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "உள்ள செத்துக் கிடந்தா என்ன பண்றதுங்கிற பயம். அவங்களையும் தப்பு சொல்ல முடியாது."

எனக்கு ஐம்பத்தேழு. தனி ஆள். அந்த ஸ்டூலின் அருகில் அதற்குமேல் நிற்கப் பிடிக்கவில்லை. இறங்கிவிட்டேன்.

மூன்றாம் மாடி திரும்பும்போது ஷென் அம்மாளின் வீட்டுக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே அவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். காலையில் எங்களிடம் பேசிய குரலே இல்லை அது.

"கிழவன் இன்னிக்கும் சரியா சாப்பிடல. நெத்தியில பட்ட காயம் ஆறிடுச்சு. ஆமா, பப்பாளி நாளைக்கு வாங்கிட்டு வந்து வெக்கிறேன். இல்ல இல்ல, யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா என் மானம் போயிடும்."

பீ-யுனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கணவர் இறந்து பன்னிரண்டு வருடமாகத் தனியாக வாழ்பவர் ஷென் அம்மாள்.

வெளியே வந்ததும் நான் துப்பறியத் தொடங்கினேன். "பாரு. அவங்களுக்கு ரகசியமா ஒரு கிழவன் இருக்கார். யாரோ அவரை அடிச்சிருக்காங்க, நெத்தியில காயம். அடிச்சவனேதான் பெயிண்டையும் பூசி மிரட்டுறான். பப்பாளி ஏன்? மெத்துன்னு இருக்கும். ஆக, கிழவனுக்குப் பல் கிடையாது."

"அவர் உயரம் என்ன முதலாளி?"

"அது நாளைக்குத் தெரியும்."

வெள்ளிக்கிழமை காலை கிழக்குச் சந்தையில் ஷென் அம்மாளைப் பின்தொடர்ந்தோம். வான்கோழிச் சோற்றுக் கடையில் ஒளிந்திருப்பதற்காக நான் இரண்டு கிண்ணம் சாப்பிட வேண்டியதாயிற்று. அவர் நன்றாகக் கனிந்த பப்பாளி ஒன்றை அழுத்திப் பார்த்து வாங்கினார். முதல் நாள் பீ-யுன் வாங்கிக் கொடுத்த பால் தேநீரைச் சர்க்கரை நோய் என்று சொல்லி ஒதுக்கியவர் அவர். ஆகவே பழம் கிழவனுக்குத்தான். இதுவரை என் கணக்கு சரி.

ஆனால் அவர் நேராக வீட்டுக்குத்தான் திரும்பினார். ஒரு மணி நேரம் தெருவில் நின்று பார்த்தோம். எந்தக் கிழவனும் வரவில்லை. எந்தக் கிழவனும் போகவில்லை. வெயிலில் நின்று எனக்குத்தான் வயதாகிக்கொண்டிருந்தது.

"உள்ளேயே ஒளிச்சு வெச்சிருக்காங்க," என்றேன்.

"பன்னெண்டு வீட்டுக்காரங்க கண்ணுல படாம ரெண்டு வாரமா ஒரு மனுஷனையா? இங்க ஒருத்தர் தும்மினா மூணு வீட்டுல 'ஆயுசு நூறு'ங்கிறாங்க." பீ-யுன் கைக்குட்டையால் விசிறிக்கொண்டாள். "முதலாளி, ஆளைத் தேடினது போதும். பெயிண்ட்டைப் பாப்போம். அதைச் சுரண்டி எடுத்தா அடியில என்ன இருக்குன்னாவது தெரியும்."

பதினோரு வருடத்தில் அவள் சொல்லி நான் உடனே ஒப்புக்கொண்ட யோசனை அது ஒன்றுதான். காரணம், நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை.

ஆனால் தலைவி ஒப்புக்கொள்ளவில்லை. வாளியோடு எங்களைப் பார்த்ததும் மூன்றாம் மாடியிலிருந்து ஓடி வந்தார்.

"எதையும் தொடாதீங்க. அதெல்லாம் சாட்சியம்."

"படம் எடுத்தாச்சும்மா," என்றாள் பீ-யுன்.

"கூட்டம் முடியட்டும். இல்ல, அடுத்த வாரம் பாத்துக்கலாம். நானே கழுவிக் கொடுக்கறேன் எல்லாருக்கும்."

"தலைவியம்மா, என் கதவு," என்று பின் சீட்டுக்கும் கேட்கும்படி சொன்னார் ஜுவாங். அத்தோடு அந்த விவாதம் முடிந்தது. ஷென் அம்மாள் மாமரத்தடியில் நின்று, கைகளைப் பிசைந்துகொண்டு, நாங்கள் துணியை நனைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குற்றவாளி அஞ்சுவது போல இருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றியது. மரியாதையான பெண்மணி, இருக்காது என்று அந்த எண்ணத்தை விரட்டினேன். உருப்படியான எண்ணங்களை நான் எப்போதும் அப்படித்தான் நடத்துகிறேன்.

பீ-யுன் வேலையில் இறங்கினால் பார்க்க வேண்டும். ஜன்னல் கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் அடித்து ஊறவிட்டு, பிளேடைச் சாய்த்துப் பிடித்துத் தள்ளினாள். பெயிண்ட் பாலாடை போலச் சுருண்டு வந்தது. எவர்சில்வர் கதவில் பிளேடு படவே கூடாது என்றாள். வெந்நீரில் முக்கிய துண்டைக் கால் மணி நேரம் கதவில் ஒட்டிவிட்டு, பழைய பிளாஸ்டிக் கார்டால் வழித்தாள். பித்தளைக் குமிழைக் கழற்றி, எங்கள் அலுவலகத்துச் சோற்றுக் குக்கரில் ஆப்பசோடாவும் தண்ணீரும் விட்டு அவித்தாள். இருபது நிமிடத்தில் பச்சைத் தோல் கழன்று, குமிழ் தங்கமாக வெளியே வந்தது.

"இனிமே இதுல சோறு வைக்கக் கூடாது. முதலாளிக்குக் கஞ்சி வேணா வைக்கலாம்," என்றாள்.

ஸ்கூட்டர் கண்ணாடிகள் என் பொறுப்பு. நேரத்தை மிச்சப்படுத்த அவளுடைய நகப்பூச்சு ரிமூவரை எடுத்துத் தாராளமாகத் தேய்த்தேன். பெயிண்ட் போய்விட்டது. கண்ணாடியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் சட்டமும் இளகி, என் விரல் ரேகைகள் அதில் தெளிவாகப் பதிந்துவிட்டன. இந்த வழக்கில் கிடைத்த ஒரே கைரேகை அதுதான்.

ஜன்னலின் கடைசிப் பட்டையை வழிக்கும்போது பீ-யுன் கூப்பிட்டாள். கண்ணாடிக்கும் பெயிண்டுக்கும் நடுவே பழுப்பாக ஒரு சிறு தீற்றல் இருந்தது. பக்கத்தில் மெல்லிய சாம்பல் நிற இழை ஒன்று ஒட்டியிருந்தது.

"ரத்தம்," என்றேன். என் குரலே எனக்குப் பிடித்திருந்தது. "கிழவன் நெத்தியை இங்கதான் மோதவிட்டிருக்காங்க. அதை மறைக்கத்தான் பெயிண்ட்."

"இது என்ன?"

"பிரஷ் முடி."

பீ-யுன் அந்த இழையை ஊதிப் பார்த்தாள். அது மிதந்து போய் மெதுவாக இறங்கியது. "பிரஷ் முடி இப்படிப் பறக்குமா?" என்றாள். பிறகு நோட்டில் இரண்டு வரிசை எழுதினாள். பூசினது: கதவு, கண்ணாடி, குமிழ், தபால் பெட்டி. பூசாதது: மரக்கதவு, சுவர், செங்கல், பூந்தொட்டி. எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டே இருந்தாள். அதை எனக்கு விளக்க அவளுக்குத் தோன்றவில்லை போலும். நானும் கேட்கவில்லை.

ஐந்து மணிக்குள் எல்லாம் பளபளவென்று ஆகிவிட்டது. ஜுவாங் தன் கதவில் தலை சீவிக்கொண்டார். ஷென் அம்மாள் மாடியேறிப் போனார்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஜுவாங்கின் போன். "ஐயா, என் கதவை எவனோ ஆணியால அடிக்கிறான். திறந்து பாத்தா ஆளே இல்ல. மூடினா மறுபடியும் அடிக்கிறான்."

பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். முற்றத்தில் ஆள் யாரும் இல்லை. ஆனால் சத்தம் வந்துகொண்டிருந்தது. டக். டக். டக். எவர்சில்வர் கதவின் எதிரில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், ஒரு கொண்டைக்குருவி படபடத்தது. கதவில் தெரிந்த தன் உருவத்தைக் கொத்தியது. பின்வாங்கியது. மறுபடி பாய்ந்து மோதியது. அதன் தலையின் வெள்ளைத் திட்டில் சிவப்பாக ஈரம். எங்களைப் பார்த்தும் அது பறக்கவில்லை. கதவுக்குள் இருந்த எதிரி பறக்காதபோது அது எப்படிப் பறக்கும்?

அந்தப் பறவையின் தலை வெண்மையைப் பார்த்து எங்கள் ஊரில் அதற்கு வைத்திருக்கும் பெயர் வெண்தலைக் கிழவன். குழந்தைக்குக்கூடத் தெரிந்த பெயர். பீ-யுன் என் பக்கம் திரும்பி, வெகு நிதானமாக, "முதலாளி, பல் இல்லாத கிழவன்," என்றாள்.

படியில் செருப்புச் சத்தம். ஷென் அம்மாள் இரவு உடையில், கையில் ஒரு பெரிய துண்டோடு ஓடி வந்தார். "போடா கிழவா, போ, போதும்," என்று அழாத குறையாகச் சொல்லிக்கொண்டே துண்டைக் கதவின்மேல் விரித்துப் பிடித்தார். எதிரி மறைந்ததும் பறவை சற்று நேரம் தரையில் திகைத்து உட்கார்ந்திருந்தது. பிறகு எழும்பி மாமரத்துக்குப் போயிற்று. தாழ்ந்த கவட்டில், இலை மறைவில், ஒரு கிண்ணம் அளவுக்குக் கூடு. உள்ளே மூன்று வாய்கள் திறந்திருந்தன.

"பளபளன்னு இருக்கிறதெல்லாம்," என்றாள் பீ-யுன். "அதானே. தன் இடத்துக்கு வேற ஆம்பளை வந்துட்டான்னு சண்டை போடுது."

ஷென் அம்மாள் துண்டை விடாமலே பேசினார். "முதல்ல ஸ்கூட்டர் கண்ணாடிக்குத் துணிப்பை கட்டிப் பாத்தேன். குப்பைன்னு எடுத்துப் போட்டுட்டாங்க. பேப்பர் ஒட்டினேன், கிழிச்சுட்டாங்க. அது நாள் பூரா மோதுது, ரத்தம் ஒழுகுது. அதான் பெயிண்ட். கழுவினா போயிடணும்னுதான் தண்ணிப் பெயிண்டா எடுத்தேன். நாலரைக்கு எழுந்து பூசுவேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா," என்றேன்.

அவர் நோட்டீஸ் பலகையைப் பார்த்தார். "கூடு தென்பட்டா அகற்றணும்னு விதி போட்டவ நான். போன வருஷம் நாலாம் மாடிக்காரங்க பால்கனியில இருந்த கூட்டை, அவங்க கெஞ்சக் கெஞ்ச, ஆளை வெச்சு எடுத்தேன். இப்ப எந்த முகத்தோட சொல்றது?"

எனக்கு ஒன்று புரியவில்லை. புரியாதவற்றைக் கேட்டுவிடுவது என் நல்ல பழக்கம். "அப்புறம் ஏன்மா என்னைத் தேடி வந்தீங்க?"

ஷென் அம்மாள் முதல் தடவையாகத் தலைகுனிந்தார். "விசாரணை வைக்கணும்னு எல்லாரும் பிடிவாதம் பிடிச்சாங்க. குஞ்சு பறக்கிற வரைக்கும் நாளைக் கடத்தணும். ஊர்ல யாரு கண்டுபிடிக்கவே மாட்டாங்கன்னு நாலு பேர்கிட்ட விசாரிச்சேன். நாலு பேரும் ஒரே பேரைச் சொன்னாங்க."

ஒரு தொழிலில் இப்படி ஒருமித்த பெயர் எடுப்பது எளிதல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"லாய் ஐயா," என்றார் அவர். "இன்னும் ஒரு வாரம். கூட்டத்துல, கண்டுபிடிக்க முடியலன்னு மட்டும் சொல்லுங்க. வழக்கம்போல."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சம்மதிக்கத் தோன்றியது. அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். நாக்கில் தயாராக இருந்தது. பீ-யுன்தான் குறுக்கே வந்தாள். அவள் குரலில் கிண்டல் போயிருந்தது.

"மேல ஒரு மனுஷன் மூணு பெட்டியைக் கட்டி வெச்சுட்டு உக்காந்திருக்கார்மா. உங்க கிழவனுக்கு ஒரு வாரம் டைம் இருக்கு. அந்தக் கிழவருக்கு இன்னிக்குப் பத்து மணி வரைக்கும்தான்."

ஷென் அம்மாள் துண்டின் இரண்டு முனைகளையும் கதவின் மேல் சட்டத்தில் செருகிவிட்டு மாடியேறினார். நான் முற்றத்திலேயே உட்கார்ந்து கூட்டத்தில் பேச வேண்டியதை எழுதினேன். கிழவன், கூடு, எமல்ஷன் எல்லாவற்றையும் வரிசையாக, ஷென் அம்மாளின் பெயரைக் கடைசி வரியில் வைத்து. வாழ்நாளில் முதல் தடவையாக எனக்கு விடை தெரியும். ஒரு பெண்மணியின் மானம் அந்தக் கடைசி வரியில் இருந்ததால், எழுதிய காகிதம் கனத்தது.

பத்து மணிக்கு மாடிப்படி ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம் ஆரம்பித்தது. தூ கடைசியில், சுவரில் சாய்ந்து நின்றார். யாரும் அவருக்கு நாற்காலி போடவில்லை. ஜுவாங் தீர்மானத்தைப் படித்தார். "துப்பறியும் ஐயா சொல்லட்டும்," என்றார்.

எழுந்தேன். காகிதத்தைப் பிரித்தேன். மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். அது அலுவலகத்தில் இருந்தது.

"அவர் உக்காரட்டும்," என்றது ஒரு குரல்.

ஷென் அம்மாள் எழுந்து நின்றிருந்தார். வெளுத்த சட்டை, வாரிய தலை. பதிவு அலுவலக ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பது போல நேராக நின்றார். ஆனால் இந்தத் தடவை மனு கொடுப்பவர் அவர்.

"பூசினது ஷென் லி-ச்சு. வயசு அறுபத்து மூணு. மூணாம் மாடி, வீட்டு எண் ரெண்டு. காரணம், மாமரத்துல கூடு. விதி எண் பதினொண்ணை மீறினதும் நான்தான். தூ ஐயா பூசல. அவர் மேல பழி விழுந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ரெண்டு வாரம் வாய் திறக்கல." தூ நின்ற சுவர்ப் பக்கம் திரும்பினார். "குருவிக்கு வலிக்குதுன்னு தெரிஞ்ச எனக்கு, ஒரு மனுஷனுக்கு வலிக்கும்னு தெரியல. தலைவி பொறுப்பை விட்டுடறேன்."

உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தார். நாலாம் மாடிப் பெண்மணி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜுவாங்கின் வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. கடைசியில், பக்கத்து நாற்காலிக்கே கேட்காத குரலில், "காலையில ரத்தம் வந்துச்சே, அதுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

தூ சுவரை விட்டு நகர்ந்தார். எல்லாத் தலைகளும் திரும்பின.

"ஒன்பது வருஷம் இந்தப் படியில ஏறி இறங்கியிருக்கேன்," என்றார். "பதினாலு நாள்ல எல்லாம் அழிஞ்சுபோச்சு. கழுவினா போறதுக்கு மனுஷன் தண்ணிப் பெயிண்ட் இல்ல, அம்மா."

ஷென் அம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார். "இல்லதான்," என்றார். "மன்னிப்பு கேக்கறேன். கேட்டா சரியாயிடும்னு சொல்லல."

தூ மாடியேறிப் போய்விட்டார். பெட்டிகளை இறக்கப் போகிறார் என்றே எல்லோரும் நினைத்தோம். அவர் திரும்பி வரும்போது ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் அகலமான பிரஷ். வாளியில் சாக்பீஸ் மாவும் பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் கலந்த வெள்ளைக் குழம்பு.

"கடைக்காரங்க ஷோகேஸ் கண்ணாடியை மறைக்கப் பூசறது," என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். "ஈரத்துணியால ஒரு இழுப்பு இழுத்தா போயிடும். யாரும் தேய்க்க வேண்டாம், எதையும் அவிக்க வேண்டாம்." பிறகு ஷென் அம்மாளிடம், "வாளியைப் பிடிங்க. மேலேயிருந்து கீழே, ஒரே இழுப்பு. பாத்துக்கோங்க," என்றார்.

ஷென் அம்மாள் வாளியைப் பிடித்தார். தூ இழுத்தார். துண்டை எடுத்த கதவில் வெள்ளைப் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி இறங்கின. ஜுவாங் எதிர்ப்பு சொல்லவில்லை. தன் ஸ்கூட்டரைத் தானே தள்ளிக்கொண்டு வந்து வரிசையில் நிறுத்தினார். நாலாம் மாடிப் பெண்மணி தூவுக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். அவர் அதில் உட்காரவில்லை, அதன்மேல் பிரஷ்ஷை வைத்துக்கொண்டார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அது துப்பறிந்து தெரிந்துகொள்ளும் விஷயமும் அல்ல.

நான் கூட்டைப் பக்கத்தில் பார்க்கும் ஆசையில் மரத்தடிக்குப் போனேன். உச்சி வெயில் இலைகளின் நடுவே நேராக என்மேல் விழுந்தது. தலைக்குமேல் படபடவென்று ஒரு சத்தம். அடுத்த நொடி என் மண்டையில் ஊசி குத்தியது போல ஒரு கொத்து. குனிந்தேன். இன்னொரு கொத்து.

பீ-யுன் ஓடி வரவில்லை. ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

தூ வாளியோடு வந்து நின்றார். முப்பத்தைந்து வயதிலேயே முடி உதிர்ந்து, வெயிலில் பீங்கான் தட்டு போல மின்னும் என் தலையைத் தொழில்காரரின் கண்ணோடு ஒரு சுற்றுப் பார்த்தார். இரண்டு வாரத்தில் முதல் தடவையாக அந்த முகம் சிரிப்பில் விரிந்தது.

"அண்ணே," என்றார் பிரஷ்ஷை நனைத்தபடி, "இதுக்கு ஒரு கோட் போதும்."